எந்த ஓடை ரீடர்? ஃபீட்லி முதல் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் வரை

கேள்வி: ஜனவரி 8

செய்தியோடை (ஆர்எஸ்எஸ், ஒரு தளத்தின் புதிய பதிவுகள் வந்துசேரும் கோப்பு) படிக்க எத்தனை செயலி, எத்தனை சேவை! எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது. இடப்பக்கம் தளங்களின் பட்டியல், வலப்பக்கம் பதிவு. இதற்குக் காசு கட்டுகிறவர்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. கணினியில் தண்டர்பேர்டு, கைப்பேசியில் ஃபீடர் வைத்திருக்கிறேன். காலையில் கைப்பேசியில் படித்து முடித்தது மாலையில் கணினியில் மறுபடி புதுசாக வந்து நிற்கிறது, அது ஒன்றுதான் எரிச்சல். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், மாறிக்கொள்கிறேன்.

ஜனவரி 8, இரவு

"அது ஒன்றுதான் எரிச்சல்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். ரீடர்களுக்குள் இருக்கிற பெரிய வித்தியாசமே அந்த ஒன்றுதான்.

ரீடர் என்று நாம் சொல்வதற்குள் மூன்று வேலை இருக்கிறது. தளங்களுக்குப் போய்ப் புதிய பதிவு உண்டா என்று பார்த்து எடுத்து வருவது ஒன்று. எதைப் படித்தோம், எதற்கு நட்சத்திரம் போட்டோம் என்று நினைவில் வைப்பது இன்னொன்று. திரையில் காட்டுவது மூன்றாவது. ஒப்பீட்டுக் கட்டுரைகள் இந்த மூன்றாவதைத்தான் படம் போட்டு அளக்கின்றன. எழுத்துரு, கறுப்புப் பின்னணி, அட்டை வடிவம், பட்டியல் வடிவம். அதெல்லாம் சீக்கிரம் கண்ணுக்குப் பழகிவிடும். முதல் இரண்டு வேலையும் எங்கே நடக்கின்றன என்று கேளுங்கள்.

உங்கள் தண்டர்பேர்டு மூன்றையும் தானே செய்கிறது. ஃபீடரும் மூன்றையும் தானே செய்கிறது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. படித்ததை இரண்டு தரம் கடப்பது அதனால்தான். இதே ஜாதியில் மற்றொரு செயலியை நிறுவினால் மூன்று தரம் கடப்பீர்கள்.

ஜனவரி 9

இரண்டு தரம் பார்ப்பதைவிட மோசமானது ஒரு தரமும் பார்க்காமல் போவது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓடை என்பது தளத்தின் முழு வரலாறு கிடையாது. கடைசிச் சில பதிவுகள் மட்டும் இருக்கும் ஒரு கோப்பு. வேர்ட்பிரஸ் தானாகக் கொடுப்பது 10 பதிவு. யூடியூப் சேனல் ஓடையில் கடைசி 15 காணொளி. வாரம் ஒன்று எழுதுகிறவரின் வலைப்பதிவுக்கு இது தாராளம். நாள் முழுக்க எழுதித் தள்ளும் செய்தித்தளத்துக்கு அந்தப் பத்து இருபது என்பது சில மணி நேரக் கணக்கு. கணினியை மூடி வைத்துவிட்டு ஊருக்குப் போனால், திரும்பி வந்து திறக்கும்போது நடுவில் வந்தவை ஓடையிலிருந்தே நழுவிப் போயிருக்கும். உங்கள் ரீடர் அவற்றை எப்போதுமே பார்த்திருக்காது. "வரவில்லை" என்று எந்தச் செய்தியும் காட்டாது.

எப்போதும் விழித்திருக்கும் ஒரு சர்வர் உங்களுக்காகப் போய் எடுத்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. சேவைக்குக் காசு கட்டுகிறவர்கள் வாங்குவது பெரும்பாலும் இந்த விழிப்பைத்தான்.

நீங்கள் சந்தா வைத்திருப்பது எல்லாம் நிதானமாக எழுதும் வலைப்பதிவுகள் என்றால், சர்வரே வேண்டாம். தண்டர்பேர்டு போதும். கைப்பேசியில் படிப்பதை விட்டுவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. கிண்டல் இல்லை, அப்படி வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஜனவரி 10

சரி, சேவைகள். எல்லாவற்றையும் நான் ஒரு காலத்தில் வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இலவச எல்லைகள் இப்போது இருக்கிற கணக்கு, நாளை மாறலாம்.

ஃபீட்லி. இலவசக் கணக்கில் 100 ஓடை. பார்க்க நன்றாக இருக்கும், முதன்முறை வருகிறவருக்கு வழி தவறாது. 2013இல் கூகுள் ரீடர் மூடப்பட்டபோது அங்கிருந்து ஓடி வந்தவர்களில் பெரிய கூட்டம் இங்கேதான் ஒதுங்கியது. இப்போது அவர்களின் கவனம் நம்மைப் போன்ற தனி வாசகர்மேல் இல்லை. நிறுவனங்களின் பாதுகாப்புக் குழுக்கள், சந்தை ஆய்வுக் குழுக்கள் பக்கம் போய்விட்டது. குற்றமாகச் சொல்லவில்லை. நமக்கு வேண்டிய சின்ன வசதி அவர்கள் வரிசையில் எங்கே நிற்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இனோரீடர். பல்கேரியாக்காரர்கள். இலவசத்தில் 150 ஓடை. வசதிகளுக்கு முடிவே கிடையாது. விதிகள், வடிகட்டிகள், தேடலையே ஓடையாக மாற்றுவது, செய்திமடலை உள்ளே கொண்டுவருவது என்று போகும். நல்லவை பெரும்பாலும் கட்டணக் கணக்கில் இருக்கின்றன. ஓடைகளை வைத்து வேலை செய்கிறவர், அதாவது ஒரு துறையைக் கண்காணிக்க வேண்டியவர், வேறு எங்கும் தேட வேண்டாம். சும்மா வாசிக்கிறவருக்கு அமைப்புப் பக்கத்தைத் திறந்தாலே தலை சுற்றும்.

நியூஸ்பிளர். இலவசத்தில் 64. ஒருவர் தொடங்கி நடத்துவது, மூலநிரல் திறந்தே இருக்கிறது. இதன் சிறப்பு, பழக்குவது. ஒரு தளம், ஒரு ஆசிரியர், ஒரு குறிச்சொல், தலைப்பில் வரும் ஒரு சொல், எதையும் பிடிக்கும் பிடிக்காது என்று நீங்களே சொல்லலாம். பிடித்தது பச்சை, பிடிக்காதது சிவப்பு. சிவப்பு மறைந்துவிடும். ஏன் மறைந்தது என்று கேட்டால் காரணம் தெரியும், ஏனென்றால் காரணத்தைச் சொன்னதே நீங்கள். இப்போது எல்லோரும் செயற்கை நுண்ணறிவு தேர்ந்தெடுத்துத் தரும் என்கிறார்கள். எனக்கு இந்தப் பழைய முறைமேல்தான் நம்பிக்கை. திரைதான் கொஞ்சம் நெரிசல்.

ஓல்டு ரீடர். 100. பெயரிலேயே கதை இருக்கிறது. கூகுள் ரீடர் போல வேண்டும் என்று கேட்டவர்களுக்காக. 2013 ஜூலை இறுதியில் பொதுச் சேவையை நிறுத்தப்போகிறோம் என்று இவர்களும் அறிவித்தார்கள், பிறகு வேறு கைக்கு மாறித் தப்பியது.

ஃபீட்பின். இலவசம் கிடையாது. அமைதியான திரை, விளம்பரம் இல்லை, செய்திமடலுக்குத் தனி மின்னஞ்சல் முகவரி தருகிறார்கள். வாசிப்பதற்கு மட்டும் என்றால் என் முதல் ஓட்டு இதற்கு.

ஜனவரி 10, அப்புறம்

மேலே இருப்பவை சேவைகள். அவற்றின் செயலியிலேயே படிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆப்பிள் கருவி வைத்திருப்பவர் நெட்நியூஸ்வயரை நிறுவி, உள்ளே ஃபீட்பின் கணக்கையோ இனோரீடர் கணக்கையோ கொடுத்துவிடலாம். எடுப்பதும் நினைவு வைப்பதும் அங்கே, காட்டுவது இங்கே. ஆண்ட்ராய்டில் ரீட் யூ, ஃபீட்மீ போன்றவை இதைச் செய்யும். நாளை சேவையை மாற்றினாலும் கண்ணுக்குப் பழகிய திரை அப்படியே இருக்கும். ஒப்பீட்டுக் கட்டுரைகளில் இவை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்பியிருப்பார்கள்.

நெட்நியூஸ்வயரின் கதை தனி. 2002இல் தொடங்கியது, 2005இல் விற்கப்பட்டது, 2011இல் இன்னொரு கைக்குப் போனது, 2018இல் எழுதியவரிடமே பெயர் திரும்பி வந்தது. 2019 ஆகஸ்டில் ஐந்தாம் பதிப்பு, இலவசமாக, மூலநிரலோடு. மென்பொருளில் இப்படி வீடு திரும்புவது அபூர்வம்.

ஜனவரி 12

"கூகுள் ரீடர்தான் ரீடர், மற்றதெல்லாம் நகல்" என்று ஒருவர். இந்த இழையில் யாராவது இதைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

2005 அக்டோபரில் வந்தது. 2013 மார்ச் 13 அன்று மூடப்போகிறோம் என்றார்கள், ஜூலை 1 அன்று மூடினார்கள். 2011 இறுதியிலேயே அதன் பகிர்வு வசதியைப் பிடுங்கி கூகுள் பிளஸ் பக்கம் தள்ளிவிட்டார்கள். கூட்டத்துக்கு அங்கே இருந்த பிடிப்பே பகிர்வுதான். மூடும் அறிவிப்பு வந்தபோது பாதி உயிர் முன்பே போயிருந்தது.

நகல் என்று சொன்னீர்களே, அது நீங்கள் நினைத்ததைவிட உண்மை. செயலிகள் அந்தச் சேவையோடு பேச ஒரு பேச்சுமுறை இருந்தது. கூகுள் அதை முறையாக ஆவணப்படுத்தி வெளியிட்டதே இல்லை, நிரலாளர்கள் துருவித் துருவிக் கண்டுபிடித்தது. சர்வர் போய்விட்டது, அந்தப் பேச்சுமுறை போகவில்லை. இனோரீடர், ஓல்டு ரீடர், ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃபிளக்ஸ் எல்லாம் இன்றும் அதைப் புரிந்துகொள்கின்றன. செயலியின் அமைப்பில் "கூகுள் ரீடர் ஏபிஐ" என்று ஒரு தேர்வு இருந்தால் மிரள வேண்டாம். செத்தவர் மொழியில் உயிரோடு இருப்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

ஃபீவர் என்று இன்னொன்று. 2009இல் வந்தது, பல தளங்கள் எதை அதிகமாகச் சுட்டுகின்றனவோ அதற்கு வெப்பநிலை போட்டுக் காட்டும். அருமையான யோசனை. 2016 இறுதியோடு விற்பனை நின்றது. அதன் பேச்சுமுறையும் பிழைத்துக் கிடக்கிறது.

ஜனவரி 13

தமிழ் ஓடைகளை வடிகட்ட முயன்றவர் யாராவது இருக்கிறீர்களா? நான் பட்ட பாட்டை எழுதுகிறேன், உதவலாம்.

தேர்தல் நேரத்தில் எரிச்சல் தாங்காமல், தலைப்பில் "தேர்தல்" இருந்தால் மறைத்துவிடு என்று விதி போட்டேன். பாதி மறைந்தது, பாதி வந்துகொண்டே இருந்தது. வந்தவற்றைப் பார்த்தால் எல்லாம் தேர்தலில், தேர்தலுக்கு, தேர்தலை. காரணம் எளிது. கணினிக்கு "ல்" என்பது ல, அதன் பின்னால் ஒரு புள்ளி, ஆக இரண்டு குறிகள். வேற்றுமை ஏறும்போது புள்ளி இருந்த இடத்தில் இகரமோ உகரமோ ஐகாரமோ உட்கார்ந்துவிடுகிறது. தேடும் சரம் அங்கே பொருந்தாது. "தேர்தல்கள்" மட்டும் மாட்டும், புள்ளி அப்படியே இருப்பதால்.

மருந்தும் எளிது. கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு "தேர்தல" என்று கொடுங்கள். எல்லாம் மாட்டும். "திரைப்படம்" வேண்டாம், "திரைப்பட". "மாநாடு" என்றால் உகரத்தையும் எடுத்துவிட்டு "மாநாட", அப்போது மாநாட்டில் என்பதும் சிக்கும். "கிரிக்கெட்" போன்ற சொல்லுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், கிரிக்கெட்டில் என்று இரட்டிக்கும்போதும் புள்ளி வைத்த ட் அங்கேயே இருக்கிறது. குட்டிச் சொற்களில் மட்டும் கவனம். "பட" என்று கொடுத்தால் படை, படகு, படிப்பு எல்லாம் சேர்ந்து காணாமல் போகும்.

முழுச்சொல் மட்டும் பொருத்து என்ற பெட்டி இருந்தால் டிக் எடுத்துவிடுங்கள். மினிஃபிளக்ஸில் ரெஜெக்ஸ் (சொல் வடிவத்தைப் பிடிக்கும் தேடல் சூத்திரம்) எழுதுகிறவர்களுக்கு: அது கோ மொழியில் எழுதியது, அங்கே சொல் எல்லைக் குறி ஆங்கில எழுத்தை மட்டும்தான் சொல்லாக மதிக்கும். தமிழுக்கு அது எதிரும் புதிருமாக வேலை செய்யும்.

ஜனவரி 13, இரவு

அதே விஷயத்தில் இன்னொரு குழி. "பொருளாதார" என்று விதி போட்டும் ஒரு தளத்தில் மட்டும் எதுவுமே சிக்கவில்லை. "பொ"வில் வரும் ஒகரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு ஒரு குறி கால் ஒரு குறி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். யூனிகோடு இரண்டையும் சமம் என்றுதான் சொல்கிறது, ஆனால் ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். எல்லாம் செய்வதில்லை. அந்தத் தளத்தின் தலைப்பிலிருந்தே நகலெடுத்து விதியில் ஒட்டினேன், வேலை செய்தது. இரண்டு வடிவத்துக்கும் ஒவ்வொரு விதி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஜனவரி 15

நியூஸ்போட் பற்றிக் கேட்டவருக்கு: முனையத்தில் (வெறும் எழுத்து மட்டும் காட்டும் கட்டளைத் திரை) ஓடும், விசைப்பலகையிலேயே எல்லாம் முடியும், வேகம் பறக்கும். தமிழ்தான் சரிவராது. பல முனையங்கள் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கட்டம் என்று கணக்குப் போடும், கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். ஆங்கில ஓடைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 18

சொந்த சர்வர். மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டீர்கள், எழுதித்தான் ஆக வேண்டும்.

ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் பிஎச்பியில் ஓடும். தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட்டே போதும் என்பதால் சாதாரண ஹோஸ்டிங் இடத்திலும் ஏற்றலாம். ஒரே நிறுவலில் குடும்பத்துக்கே கணக்கு திறக்கலாம். நீட்சிகள் உண்டு. ஓடையே இல்லாத பக்கத்திலிருந்து, இன்ன இடத்தில் தலைப்பு, இன்ன இடத்தில் சுட்டி என்று எக்ஸ்பாத் (பக்கத்துக்குள் ஒரு இடத்தைச் சுட்டும் குறிமுறை) கொடுத்து ஓடை உண்டாக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் அங்கே தங்கிவிட்டேன்.

மினிஃபிளக்ஸ் நேர் எதிர். ஒரே நிரல் கோப்பு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மட்டும்தான் ஏற்கும், திரையில் அலங்காரம் ஏதும் கிடையாது. பதிவுக்குள் ஒளிந்திருக்கும் வேவு படங்களையும் சுட்டிகளில் தொங்கும் வேவு வால்களையும் தானே வெட்டிவிடும். இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லப் பழகிய மென்பொருள். அந்தக் கறாரை நான் மதிக்கிறேன், ஆனால் கூட வாழ முடியவில்லை.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: சொந்த சர்வர் வைத்தால், எடுத்து வரும் வேலையின் வசவும் உங்களுக்கே. வாடகை சர்வர்களின் முகவரிகளைச் சில தளங்கள் ரோபோ என்று நினைத்துக் கதவைச் சாத்தும். 403 (அனுமதி இல்லை) வரும், அடிக்கடி கேட்டால் 429 (அளவுக்கு மீறிக் கேட்கிறாய்) வரும். பெரிய சேவைகளைத் தளங்கள் பெயர் தெரிந்து உள்ளே விடும், நம்மை யாருக்குத் தெரியும்? இடைவெளியைக் கூட்டுங்கள். வலைப்பதிவுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பதே அதிகம். போன முறை கிடைத்த ஈடேக் (கோப்பின் பதிப்பு அடையாளம்), கடைசியாக மாறிய நேரம் இரண்டையும் ரீடர் காட்டினால், மாற்றம் ஏதும் இல்லாதபோது தளம் 304 என்று சொல்லி முழுக் கோப்பையும் அனுப்பாமல் விட்டுவிடும். ஒழுங்கான ரீடர்கள் இதைச் செய்கின்றன. ஞாயிறு மதியம் நீங்களே எழுதும் ஸ்கிரிப்ட் செய்யாது.

வெப்சப் என்று ஒன்று இருக்கிறது, 2018 ஜனவரியில் இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரை ஆனது. தளமே "புதுசு வந்தது" என்று சொல்லி அனுப்பும், நாம் போய்ப் போய்ப் பார்க்க வேண்டாம். ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸுக்கு இது தெரியும். சர்வர் வெளியிலிருந்து அணுகும்படி இருந்தால்தான் பயன். வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தால் கதவைத் தட்ட யாராலும் முடியாது.

ஜனவரி 18, இன்னும் ஒன்று

ஃபீட்லி போன்ற சேவைகள் ஒரு தளத்துக்கு வரும்போது தங்கள் பெயரோடு எத்தனை சந்தாதாரர் என்பதையும் சொல்லிவிட்டு வரும். வலைப்பதிவு வைத்திருப்பவர்கள் சர்வர் பதிவேட்டில் பார்க்கலாம். ஆவலோடு நானும் பார்த்தேன். "1 சந்தாதாரர்." சொந்தப் பதிவு சரியாக வருகிறதா என்று பார்க்க நானே சேர்த்தது.

ஜனவரி 22

படிக்காதவை எண்ணிக்கை. இதைப் பற்றி எனக்கு இரண்டு மனசு.

கூகுள் ரீடர் ஒரு கட்டத்துக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டு 1000+ என்று காட்டும். அப்போது அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். யாருக்கும் கடன்படாமலே வட்டி ஏறுவது போல ஒரு உணர்வு. 2024இல் வந்த புது ரீடர் செயலி (ஆமாம், அந்தச் செயலியின் பெயரே ரீடர், ஆங்கிலத்தில் Reeder, தேடிப் பாருங்கள், கிடைக்காது) அந்த எண்ணையே தூக்கிவிட்டது. காலவரிசையில் எல்லாம் ஓடும், எங்கே நிறுத்தினீர்களோ அந்த இடம் மட்டும் நினைவில் இருக்கும். பழைய முறையை விரும்புகிறவர்களுக்குப் பழைய செயலியை கிளாசிக் என்று தனியாக வைத்துவிட்டார்கள்.

செய்தித்தளங்களுக்கு எண் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓடுகிற வரை பார்த்தோம், மீதி போகட்டும். ஆனால் ஆண்டுக்கு ஐந்து பதிவு எழுதும் ஒருவர் இருக்கிறார் பாருங்கள், அவருக்கு அந்த ஒற்றை எண்தான் உயிர். கலந்த ஓட்டத்தில் விட்டால் அவர் பதிவு ஒரு செய்தித்தளத்தின் மத்தியான வெள்ளத்தில் மூழ்கிவிடும். அதனால் கோப்புறைகளைப் பொருள் வாரியாகப் பிரிப்பதை நிறுத்திவிட்டேன். தொழில்நுட்பம், அரசியல், இலக்கியம் என்று அடுக்குவது அழகாக இருக்கிறது, பயன் இல்லை. எழுதும் வேகத்தை வைத்துப் பிரித்தேன். அபூர்வமாக எழுதுகிறவர்கள் மேலே, எண்ணோடு. வாரம் சில பதிவு எழுதுகிறவர்கள் நடுவில். கொட்டுகிறவர்கள் அடியில், எண் மறைத்து, சில நாள் கழிந்தால் தானே படித்ததாகக் குறித்துவிடும் அமைப்போடு. எந்த ரீடரும் தராத நிம்மதியை இந்தப் பிரிவினை தந்தது.

ஜனவரி 23

மேலே எழுதியதற்கு ஒரு நிபந்தனை சேர்க்கிறேன். இப்படிப் பிரிக்க ஒவ்வொரு கோப்புறைக்கும் தனித்தனி அமைப்பு வைக்க அனுமதிக்கும் ரீடர் வேண்டும். பல செயலிகளில் எண்ணைக் காட்டு, காட்டாதே என்பது மொத்தத்துக்கும் ஒரே பொத்தான். சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியது இதை. எத்தனை நிறத்தில் தீம் இருக்கிறது என்பதை அல்ல.

ஜனவரி 27

"இப்போது யார் ஓடை தருகிறார்கள்?" நிறையப் பேர் தருகிறார்கள், காட்டுவதில்லை. ஃபயர்பாக்ஸ் 2018 டிசம்பரில் 64ஆம் பதிப்போடு ஓடை முன்னோட்டத்தையும் நேரடிப் புத்தகக்குறியையும் எடுத்துவிட்டது. ஓடை உண்டு என்று காட்டும் ஆரஞ்சுச் சின்னம் கண்ணில் படாததால் ஓடையே செத்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். வேர்ட்பிரஸ் தளம் என்றால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு ஃபீட் என்ற ஆங்கிலச் சொல்லைச் சேருங்கள். சப்ஸ்டாக்குக்கும் அதே. ரெடிட், மாஸ்டடான் பக்கங்களுக்குக் கடைசியில் புள்ளி, ஆர்எஸ்எஸ். யூடியூப் சேனல் பக்கத்து முகவரியை ரீடரில் ஒட்டினால் பெரும்பாலானவை தாமே கண்டுபிடித்துக்கொள்ளும். பாட்காஸ்ட் என்பதே ஓடைதான், பெரும்பாலான நிகழ்ச்சிகளை ரீடரில் சேர்க்கலாம்.

உண்மையிலேயே ஓடை இல்லாத தளங்களுக்கு ஆர்எஸ்எஸ் பிரிட்ஜ், ஆர்எஸ்எஸ்ஹப் என்ற திறமூல மென்பொருள்கள் உண்டு. தளத்தின் வடிவம் மாறினால் உடையும், யாராவது சரி செய்யும்வரை காத்திருக்க வேண்டும். முக்கியமான எதையும் அதை நம்பி வைக்காதீர்கள்.

ஜனவரி 28

ஓடைக்கு ஆர்எஸ்எஸ் வடிவம் நல்லதா ஆட்டம் (Atom) வடிவம் நல்லதா என்ற சண்டை 20 வருஷம் பழையது, வாசகருக்கு அதில் பங்கே இல்லை. ஆர்எஸ்எஸை 1999இல் நெட்ஸ்கேப் தன் முகப்புப் பக்கத்துக்காகத் தொடங்கியது, 2002இல் ஆர்எஸ்எஸ் 2.0, 2005 டிசம்பரில் ஆட்டம் ஆர்எஃப்சி 4287 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது. எல்லா ரீடரும் எல்லாவற்றையும் படிக்கும்.

ஒரே ஒரு இடத்தில் வித்தியாசம் தெரியும். ஆட்டத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத அடையாளக் குறி கட்டாயம். ஆர்எஸ்எஸ் 2.0இல் அது இருந்தால் நல்லது என்ற அளவுதான். ஏதோ ஒரு தளம் முகவரியை மாற்றியதும் பழைய பதிவெல்லாம் புதுசாக வந்து குவிகிறதே, குறியும் கூடவே மாறிப் போனதுதான் காரணம். ரீடரைத் திட்ட வேண்டாம்.

பிப்ரவரி 2

வெளியேறும் வழி பற்றி. ஓபிஎம்எல் கோப்பு எல்லோரும் தருகிறார்கள், அதை வாங்கிக்கொண்டு எங்கும் போகலாம் என்பார்கள். போகலாம். ஆனால் அந்தக் கோப்பில் இருப்பது சந்தா முகவரிகளும் கோப்புறைகளும் மட்டும். எதைப் படித்தீர்கள், எதற்கு நட்சத்திரம் போட்டீர்கள், என்ன விதி வைத்தீர்கள், எதுவும் அதில் வராது. நான் பயன்படுத்திய ஒரு சேவை, பெயர் வேண்டாம், நட்சத்திரப் பதிவுகளை இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் வைத்திருந்தது. அழுத்தினால் ஒரு பகுதி மட்டும் வந்தது, கடிதம் எழுதியும் பதில் இல்லை. அதிலிருந்து நட்சத்திரத்தைத் தற்காலிகக் குறியாக மட்டும் பயன்படுத்துகிறேன். வைத்துக்கொள்ள வேண்டியதை ரீடருக்கு வெளியே, என் கோப்புகளில் சேமிக்கிறேன்.

ஓபிஎம்எல்லை யாருக்காவது பகிரும் முன் திறந்து பாருங்கள். காசு கட்டிக் கேட்கும் பாட்காஸ்ட், உறுப்பினர் மடல் போன்றவற்றின் முகவரியில் உங்கள் ரகசியச் சாவி ஒட்டியிருக்கும். நண்பருக்குப் பட்டியல் கொடுக்கிறேன் என்று உங்கள் சந்தாவையே கொடுத்துவிடுவீர்கள். இங்கே சென்ற வாரம் ஒருவர் தன் பட்டியலைப் பகிர்ந்தார், தனிச்செய்தியில் சொல்லி எடுக்க வைத்தேன்.

பிப்ரவரி 6

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். நண்பரின் சர்வரில் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் கணக்கு கிடைத்துவிட்டதாம், கைப்பேசியில் ரீட் யூ, கணினியில் பிரவுசரே போதுமாம். நல்ல முடிவு. கைப்பேசிச் செயலி "கடவுச்சொல் தவறு" என்கிறதாம். தவறு இல்லை. ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸில் செயலிகளுக்கு என்று தனிக் கடவுச்சொல் இருக்கிறது, சுயவிவரப் பக்கத்தில் ஏபிஐ கடவுச்சொல் என்று. அதை வைத்த பிறகு செயலியில் அதைத்தான் கொடுக்க வேண்டும், உள்நுழையும் கடவுச்சொல்லை அல்ல. அந்த வசதியை நிர்வாகி முதலில் திறந்துவிட்டிருக்க வேண்டும், நண்பரிடம் கேளுங்கள்.

தண்டர்பேர்டில் இருக்கும் பழைய பதிவுகளை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். நீக்காதீர்கள். அது பதிவுகளை அஞ்சல் போலவே உங்கள் வட்டில் வைத்திருக்கிறது, தேடலும் அங்கே நன்றாக வேலை செய்யும். ஓடைக் கணக்கின் அமைப்பில் புதுப்பித்தலை மட்டும் நிறுத்திவிட்டு அப்படியே விடுங்கள். சுருக்கத்துக்குப் பதில் வலைப்பக்கத்தையே ஏற்று என்று வைத்துப் படித்திருந்தால் மட்டும், நீங்கள் பார்த்த முழுக் கட்டுரை உங்கள் வட்டில் இருக்காது, தளத்தில்தான் இருக்கும். அதில் வேண்டியவற்றைத் தளம் உயிரோடு இருக்கும்போதே பிடிஎஃப் ஆக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.